அந்தத் தாளில் ஒரு வரி: தலைக்காய வார்டு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தலைக்காய வார்டுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். என் தம்பியைப் பிழைக்க வைத்தது நீங்கள்தான். நீங்கள் என்றால் உங்களில் யாரோ ஒருவர்; ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். 2022 ஆகஸ்டில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவன், ரோட்டில் படுத்திருந்த மாட்டின் மேல் மோதி விழுந்தான். ஹெல்மெட் இருந்தது, பக்கிள் போடவில்லை. முதல் 48 மணி நேர வைத்தியம் அரசாங்கத்தின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் நடந்தது. ரத்தக்கட்டை எடுத்தார்கள். மண்டையோட்டு எலும்பில் ஒரு துண்டை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றி, நாலு மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். இன்றைக்கும் அதை யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று பக்கத் தாள் கொடுத்தார்கள். வலிப்பு மாத்திரை எத்தனை வேளை, மறுபடி எப்போது வரவேண்டும், எல்லாம் இருந்தது. உடம்புச் சூட்டைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நாங்கள் இருப்பது வேலூர்ப் பக்கம். எங்கள் ஊர் வெயிலை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருஷம் கத்திரி தொடங்கி நாலாவது நாள், மத்தியானம் ஒரு மணி, கரண்ட் இல்லை. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. நான் தையல் மெஷினில் இருந்தேன், எனக்கு ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தொட்டால் தோசைக்கல். பேச்சு குழறியது. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறான். தெர்மாமீட்டர் 103.4 காட்டியது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலேரியா, டைபாய்டு, டெங்கு, மூத்திரம், நெஞ்சு எக்ஸ்ரே. ஜுரம் என்றால் முதலில் கிருமியைத்தான் தேட வேண்டும், தலையில் ஆபரேஷன் ஆனவனுக்கு இன்னும் கவனமாகத் தேட வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாம் நெகட்டிவ் என்று வந்த பிறகும், அந்தக் கோடையில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். தலைக்காயத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பாஷையும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ‘உடம்பு சூடா இருக்கு டாக்டர்’ என்று நான் சொன்னால், பாட்டி சொல்கிற சூடுதான் உங்கள் காதில் விழுகிறது. கட்டி வந்தால் சூடு, கண் எரிந்தால் சூடு. இளநீர் கொடுங்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுங்கள் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தெருவிலும் அதே வைத்தியம்தான். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்காததால்தான் இப்படி என்று சித்தி என்னைத் திட்டினாள். இரண்டு வேறு சூட்டுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பதால், நான் எந்தச் சூட்டைச் சொல்கிறேன் என்று கேட்பது உங்கள் பக்கத்து வேலை.

விஷயத்தைக் கடைசியில் புரிய வைத்தவர் வேறு ஊரில் ஒரு பொது மருத்துவர். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, பாதாம் பருப்பளவு. ரத்தம் சூடேறினால் வியர்க்க வை, குளிர்ந்தால் நடுங்க வை என்று உத்தரவு போடுவது அதுதான். தாகத்தைக் கிளப்புவதும் அதுதான். அங்கேயோ அங்கிருந்து போகும் வழியிலோ அடிபட்டால் உத்தரவு தாறுமாறாகப் போகும், போகாமலும் இருக்கும். பாராசிட்டமால் என்பது மூளை ஏற்றி வைத்த அளவை இறக்குகிற மாத்திரை. வியர்க்கவே தெரியாமல் வெளிச்சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட உடம்பில் அதற்கு வேலை இல்லை. அன்று நான் கொடுத்த இரண்டு மாத்திரையும் எங்கே போயின என்று அப்போதுதான் விளங்கியது.

அவர் மாத்திரைப் பையையும் கொட்டிப் பார்த்தார். வலிப்புக்குக் கொடுத்த டோபிராமேட், மூத்திரம் அடக்க முடியாததற்குக் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின், இரண்டுமே வியர்வையைக் குறைக்கக்கூடியவை. வேறு வேறு டாக்டர்கள் வேறு வேறு மாதத்தில் எழுதியவை. ஒன்றை நிறுத்தி ஒன்றை மாற்றினார்.

அப்புறம் குளிர். இதை யாரும் நம்பவே மாட்டார்கள். மார்கழியில் மட்டும் இல்லை, ஆடி மாத மழைக்கே அவனுக்குக் கை விரல் நீலம் பாரிக்கும். பேங்கில் ஏசிக்குக் கீழே பத்து நிமிஷம் உட்கார வைத்தால் பல் அடிக்கும். ‘அக்கா, போர்வை’ என்பான். சோம்பேறித்தனம் என்று மாமா சொன்னார். அந்தப் பொது மருத்துவர் ரத்தம் எடுத்தார். தைராய்டு முன்னமே பார்த்தாயிற்று, டி.எஸ்.ஹெச். நார்மல் என்று நான் சொன்னேன். தைராய்டை வேலை செய்யச் சொல்லி டி.எஸ்.ஹெச்.சை அனுப்புவது மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி; அடிபட்டவனுக்கு அந்தச் சுரப்பியே சரியில்லை என்றால் அந்த நார்மலை நம்ப முடியாது, தைராய்டு சுரக்கிற ஹார்மோனையே அளக்கிற ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும் என்றார். அது குறைவாக இருந்தது. உடம்பு நெருக்கடியைத் தாங்க வேண்டிய கார்ட்டிசோல் ஹார்மோனும் குறைவு. முதலில் கார்ட்டிசோலுக்கு மாத்திரை, அது பிடித்த பிறகுதான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் ஆபத்து என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். தலையில் பலமாக அடிபட்டவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இந்தப் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போகிறது என்று அவர் சொன்னபோது, சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. நாலில் ஒருவர் என்றால், எங்கள் வார்டில் அன்று கிடந்த எத்தனை பேர் வீட்டில் இப்போது ‘சோம்பேறி’ பட்டம் வாங்கிக்கொண்டு போர்வைக்குள் கிடக்கிறார்களோ.

குளிர் இப்போது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வெயில் பிரச்சினை இருக்கிறது, அதை நாங்கள் சமாளிக்கிறோம். எப்படி என்று எழுதுகிறேன், அடுத்த வீட்டுக்குச் சொல்ல உங்களுக்கு உதவும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலை, மத்தியானம் இரண்டு மணி, ராத்திரி என்று மூன்று வேளையும் தெர்மாமீட்டர். தாகம் தெரியாதவனிடம் வேண்டுமா என்று கேட்டுப் பயனில்லை, அதனால் மணிக்கு ஒரு டம்ளர் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். 100ஐத் தாண்டினால் சட்டையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் போட்டு ஃபேன். அவனுக்கு வராத வியர்வையை நாங்கள் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஐஸ் தண்ணீர் ஒரு தடவை ஊற்றினோம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, நடுக்கத்தில் சூடு இன்னும் ஏறியது. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். குளிக்கிற வெந்நீரை நான் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவன் தொடுவான், இடது கையில் சூடு உறைக்காது. 103ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அன்றைக்கு மறுபடியும் கிருமியைத் தேடட்டும்.

இதையெல்லாம் ஒரு வருஷம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டோம். நீங்கள் டிஸ்சார்ஜ் அன்றே அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் கேட்கிறேன்: அந்தத் தாளில் உடம்புச் சூடு என்று ஒரு வரி வையுங்கள். மாத்திரைகளில் எது வியர்வையைக் குறைக்கும் என்று பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். சில மாதம் கழித்து வருகிறவர்களுக்கு ஃப்ரீ டி4, கார்ட்டிசோல் எழுதுங்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையைப் பேரிடர் என்றே அறிவித்துவிட்டது. அந்தப் பேரிடரில் முதலில் விழப்போகிறவர்களின் பட்டியல் உங்கள் வார்டுப் பதிவேட்டில் இருக்கிறது.

இன்னொன்று, சின்னதுதான். ஓ.பி. சீட்டு வரிசை வெயிலில் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் அவனை அங்கே நிறுத்தி வைக்க என்னால் முடியாது. அடுத்த மாத ரிவ்யூவுக்கு நான் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று வேளைச் சூடும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், இது மூன்றாவது நோட்டு. அவன் எங்கே என்று கேட்டால், மே மாதம் முடிந்து வருவான்.

இப்படிக்கு,
தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா