டெம்ப்சியும் ரீச்சரின் டைகரும்

வெள்ளவத்தை

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கண்டியில் வேலை கிடைத்துவிட்டது, விவரம் பிறகு. இப்போது கறுப்புக் கோட்டுக்காரனிடம் ஒரு சந்தேகம். பீஸ் கேட்காதே, நீ தின்ற கொத்துரொட்டிக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கை முனை ரீச்சரின் நாய் டைகர், ரியூஷனுக்கு வந்த பெடியன் ஒருவனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சின்னக் கடி இல்லை. தையல், விசர்நாய்த் தடுப்பூசி, தாயின் அழுகை எல்லாம் பார்த்தேன். அடுத்த நாளே நாயைக் கொல்ல உத்தரவு கேட்டு ஒரு மனு வீடு வீடாக வந்தது. ரீச்சரிடம் மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றிலிருந்து மூலைக்கடைக்காரர்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

லண்டன் டெம்ப்சியைக் கேள்விப்பட்டிருப்பாய். 1991 ஆபத்தான நாய்கள் சட்டத்தில் மாட்டிய பிட்புல் இன நாய். 1992 இல் சத்தி எடுக்கட்டுமென்று வெளியிடத்தில் வாய்க்கூட்டைக் கழற்றினார்கள், அவ்வளவுதான் குற்றம். யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் கொல்லச் சொல்வதைத் தவிர அந்தச் சட்டத்தில் அப்போது நீதவானுக்கு வேறு வழி இருக்கவில்லை. வழக்கு இழுபட்டு, 1995 இல் மேல் நீதிமன்றம் காப்பாற்றியது. எதனால் தெரியுமா? முதல் விசாரணையை நாயின் சொந்தக்காரிக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையாம்! 1997 இல் சட்டத்தையே திருத்தி, ஆபத்தில்லாத நாயை விட்டுவைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். பெல்ஃபாஸ்ட் நாய் லெனொக்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2010 இல் உடம்பை அளந்து, பிட்புல் வகை என்று பிடித்துக்கொண்டு போனார்கள், மேன்முறையீடுகள் தோற்று 2012 ஜூலையில் கதையை முடித்தார்கள்.

டைகரைத் தொடவே கூடாது என்று நான் நிற்கவில்லை, மச்சான். நாளைக்கு இன்னொரு பிள்ளையைக் கடித்தால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆனால் தண்டப்பணம் என்றால் மேன்முறையீட்டில் திருப்பி வாங்கலாம். நாயைக் கொன்ற பிறகு வழக்கில் வென்று என்ன பலன்? கடித்த நாயை இரண்டு வாரமாவது கட்டிவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் வைத்தியர்கள். மனுக்காரருக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

நேற்று நானே போய் ரீச்சரிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன். அவ சண்டை பிடிக்கவில்லை. “என்னையும் ஒருக்கால் கூப்பிட்டுக் கேட்பினமோ, தம்பி?” என்று மட்டும் கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டுச் சரக்கு. விசர் இல்லாத, பதிந்து ஊசி போட்ட வளர்ப்பு நாய்க்கு அது எவ்வளவு தூரம் பாயும்? உத்தரவு வந்தால் தடை கேட்டுப் புதுக்கடை நீதிமன்றங்களில் எந்தப் படி ஏறுவது? வாட்ஸ்அப்பில் போடாதே, ரீச்சருக்குக் காட்ட வேண்டும். கடதாசியில் எழுது, விளங்குகிற எழுத்தில்.

உன்,
ரவி