கைராசி இல்லை என்றாயே

காங்கேயம்,
ஐப்பசி 5.

அன்புள்ள கண்ணுக்கு,

மாப்பிள்ளை கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு உமிக்கூடையையும் கொடுத்துவிடுகிறேன். கூடையில் 13 முட்டைகள் இருக்கின்றன. 12 போதும் என்றுதான் நினைத்தேன்; ஒற்றைப்படையில் வைக்காவிட்டால் என்னைப் பெற்றவள், உன் அம்மிச்சி, கனவில் வந்து திட்டுவாள்.

"இன்னொரு தடவை முட்டை பொரிக்க வைக்க வேண்டாம் அம்மா, என் கைக்கு ராசி இல்லை" என்று போனில் சொன்னாய். போனில் உன்னோடு வாதாட முடியாது. பாதிப் பேச்சில் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாயே, அதற்கு முதலில் உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எருக்குழியில் போட்டுவிட்டு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாளாக அந்தப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

நீ பொரிப்புப் பெட்டியில் வைத்தது 12. இரண்டில் கருவே இல்லை. அது சேவலின் குற்றம், உன்னுடையது அல்ல. ஒன்றில் சிவப்பு நூல் வளையம் தெரிகிறது. மூன்றாம் நாள் வாக்கில் நின்றுபோன கரு. அப்படி ஒன்றிரண்டு அடைக்கோழிக்கும் போகும். மீதி ஒன்பதும் முழுக் குஞ்சாகியிருக்கின்றன. நான்கு ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கின்றன, மூன்று ஓட்டில் துளை போட்டுவிட்டுச் செத்திருக்கின்றன, இரண்டு வெளியே வந்துவிட்டன. ராசியில்லாத கையில் ஒன்பது குஞ்சு இருபது நாள் வளருமா?

வெளியே வந்த இரண்டும் 21ஆம் நாள் இரவு வந்ததாகச் சொன்னாய். அப்படியானால் சூடு சரியாகவே இருந்திருக்கிறது. சூடு குறைந்திருந்தால் 22, 23 என்று இழுத்திருக்கும். கூடியிருந்தால் நாளுக்கு முன்பே வந்து தொப்புள் மூடாமல் கிடந்திருக்கும். முட்டையைப் புரட்டுகிற வேலையைப் பெட்டியே செய்கிறது. ஆக, மிச்சம் இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

நான்காவது படத்தைப் பார். முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றுப்பை பாதி முட்டை வரை இறங்கியிருக்கிறது. உள்சவ்வு காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி குஞ்சின் முதுகில் ஒட்டியிருக்கிறது. அலகு துளைக்கு நேராகவே இருக்கிறது, ஆனால் கழுத்தைத் திருப்ப இடமில்லை. துளை போட்ட குஞ்சு உள்ளேயே மெல்லச் சுற்றிச் சுற்றி ஓட்டை வெட்டிக்கொண்டு வர வேண்டும், கண்ணு. ஒட்டிக்கொண்ட சவ்வுக்குள் அது எப்படிச் சுற்றும்?

பெட்டியில் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? "வெளியே மூடுபனி, நான்கு நாளாகத் துணியே காயவில்லை, பெட்டிக்குள் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டேன்." தப்பு அங்கேதான் இருக்கிறது. கோத்தகிரியில் 15 டிகிரிக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், அதையே 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஈரம் எங்கும் போய்விடவில்லை. சூடான காற்றுக்குத் தாகம் கூடிவிடுகிறது. துணி காயாத நாளில் நீ என்ன செய்கிறாய்? அடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டுகிறாய். அந்தப் பெட்டியும் ஒரு அடுப்புதான். போதாததற்கு மலை உயரத்தில் காற்று இளைத்திருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே முட்டையின் ஈரம் இங்கே போவதைவிட அங்கே வேகமாகப் போகும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறாயா? நான் இதற்கு நேர் எதிராகச் செய்து 30 முட்டையைக் கெடுத்தவள். நீ கல்லூரி விடுதியில் இருந்த வருடம், உன் அப்பா தெர்மாகோல் பெட்டியில் இரண்டு குண்டு பல்பும் ஒரு பழைய கம்ப்யூட்டர் மின்விசிறியும் மாட்டிக் கொடுத்தார். குஞ்சுக்கு ஈரம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் நாளிலிருந்தே இரண்டு தட்டுத் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்தேன். பெட்டிக் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்தால் காற்றுப்பை பழைய நாலணா அளவுக்குத்தான் இருந்தது. குஞ்சுகள் கொழகொழவென்று நனைந்து, மூக்கில் நீர் கோத்து, முதல் மூச்சு எடுக்க இடமில்லாமல் முடிந்திருந்தன. எல்லாவற்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் உன் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவர் பெட்டியில் எந்தக் குறையும் இல்லை.

உன் அம்மிச்சியை ஊரே கைராசிக்காரி என்றது. அடை வைக்க வேண்டுமென்றால் நாலு வீட்டிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, நாலு வரமிளகாய் வைப்பாள். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க இரும்பு என்பாள். இரும்பை விடு. சித்திரை, வைகாசியில் அடை வைத்தால், குஞ்சு பொரிப்பதற்கு முந்தைய கடைசி மூன்று நாளும் மாலையில் செவலைக்கோழி இரைக்கு எழும் நேரம் பார்த்து, வைக்கோலில் விரலால் தண்ணீர் தெளிப்பாள். கார்த்திகையில் தெளிக்க மாட்டாள். எதற்குத் தெளிக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஓடு இறுகிவிடும்டி" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன விளக்கம். அந்த விரல் தண்ணீரைத்தான் ஊர் கைராசி என்றது.

இனி இந்த 13. ஆறு நாளுக்குள் இட்டவை. கழுவவில்லை, நீயும் கழுவாதே. பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கும், அதனால் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அப்படியே ஓய்வு கொடு. பிறகு நீ கேக் செய்ய வாங்கிய தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டு, ஓட்டின் மேலேயே பென்சிலால் எழுதிவிடு. 45 கிராம் முட்டை 18ஆம் நாள் 40 கிராமை ஒட்டி வந்திருக்க வேண்டும். அதைவிட அதிகம் இளைத்தால் தண்ணீரைக் கூட்டு, இளைக்காவிட்டால் தட்டை எடுத்துவிடு. வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஈரப்பதமானி 18ஆம் நாள் வரை 50 சதவீதத்தை ஒட்டியும், அதற்கு மேல் 65, 70 என்றும் காட்டட்டும். ஆனால் அந்தக் கருவியை அப்படியே நம்பிவிடாதே. ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டுக் கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, கருவியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் மூடி, ஓர் இரவு வை. காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உன் கருவி ஏழு குறைத்துப் பேசுகிறது என்று வைத்துக்கொள். வெப்பத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே போதும், முட்டை மட்டத்தில் வைத்துப் பார்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி கால் விரித்த மாதிரி நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடு. மின்சாரம் அரை மணி நேரம் போனால் பதறாதே. அடைக்கோழியே இரைக்காக அவ்வளவு நேரம் எழுந்து போகும். அதற்கு மேல் போனால் கம்பளி போர்த்து, காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதே.

18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்திவிட்டுத் தட்டு நிறைய வெந்நீர் ஊற்றி மூடு. மூடினால் மூடியதுதான். நீ போன தடவை கீச்சுக் குரல் கேட்டதும் திறந்து திறந்து பார்த்திருக்கிறாய். திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் ஈரம் மொத்தமும் உன் அறைக்கு வந்துவிடும். துளை போட்டுவிட்டுப் பல மணி நேரம் அசையாமல் கிடக்கும், செத்துவிட்டதோ என்று தோன்றும். அது சும்மா கிடக்கவில்லை. சவ்வில் ஓடும் இரத்தத்தையும் வயிற்றுக்கு வெளியே இருக்கும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் கூட ஆகலாம். நீ இடுக்கியால் ஓட்டைப் பிய்த்தபோது இரத்தம் வந்தது என்றாயே, இன்னும் இழுத்து முடிக்காத இரத்தம் அது. அந்த மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் பொரித்த குஞ்சு இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் தாங்கும். எல்லாம் உலர்ந்து பஞ்சான பிறகு ஒன்றாக எடு.

இப்போது இருக்கும் இரண்டையும் பிரிக்காதே. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறை. பல்புக்கு அடியில் ஒண்டினால் குளிர்கிறது, மூலைக்கு ஓடினால் வேகிறது. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் சொட்டு மருந்து. கால்நடை மருத்துவமனையில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வை.

உமியைக் கொட்டிவிடாதே, குஞ்சுக்குக் கீழே பரப்ப ஆகும். கூடையை மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது கொடுத்துவிடு. தீபாவளிக்கு முறுக்கு அதில்தான் வர வேண்டும்.

அன்புடன்,
அம்மா