கராஜ் தரைக்கு இன்னொரு பூச்சு வேண்டாம்: எங்கள் வளாக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் அயல்வீட்டு உறவுகளுக்கும்,

வணக்கம். போன கிழமை எல்லோருடைய தபால்பெட்டியிலும் போட்ட அறிவித்தலை நானும் வாசித்தேன். கராஜ் தரைகளை மேலால் தேய்த்து, குழிகளை அடைத்து, சாம்பல் நிற எபொக்சி என்ற பிசின் பூச்சைப் பூசப் போகிறீர்கள். நன்றாகத் தாழ்ந்துபோன தரைகளை மட்டும் உடைத்து, நவம்பர் முடிவதற்குள் புதிதாகப் போடப் போகிறீர்கள். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி முகாமையாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள இந்த வளாகத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள், குழுவிலும் மூன்று பேர் தமிழர். கூட்டத்தில் எழும்பி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் பெரியவர்களுக்கும் விஷயம் முழுதாகத் தெரிய வேண்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

19 வருடமாக ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் கொங்கிரீட் போடுவதுதான் என் தொழில். இந்த வேலைக்கு நான் விலை கூறவில்லை, கூறவும் மாட்டேன். கேட்பது ஒன்றுதான். இந்த வருடம் தரையில் கை வைக்காதீர்கள். மே மாதம் வரட்டும், தரையை அடியோடு உடைத்து, ஒரே தடவையில் ஒழுங்காகப் போடுவோம்.

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போதும் இதே போலத்தான் மேலால் ஒரு மெல்லிய பூச்சுப் பூசினார்கள். ஒக்டோபரில் பார்க்க அழகாக இருந்தது. அடுத்த மார்ச்சில் என் கராஜில் இடது பின்சக்கரம் நிற்கிற இடத்தில் விரலை விட்டுத் தூக்கினேன். பூச்சு தோசை மாதிரி ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கப் பழைய கொங்கிரீட்டின் மணல் ஒட்டியிருந்தது. பூச்சு கழன்றதல்ல அது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய தரையின் தோல் உரிந்து வந்திருந்தது. அந்தக் குழியில் தேங்கிய உப்புத் தண்ணீர் பெப்ரவரி இரவுகளில் உறைந்து, வீட்டுக்குள் ஏறும் படிக்குக் கீழே கண்ணாடித் தகடு போலக் கிடக்கும். போன வருடம் என் அம்மா அதில்தான் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தார். இதில் எனக்கு இருக்கிற அவசரத்தை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “தம்பி, ஊரில் ஐயா இழைத்த சிவப்புச் சீமெந்துத் தரை நாற்பது வருடமாகியும் பளபளவென்று கிடக்கு. இங்கே இவ்வளவு காசு கொட்டிப் போட்ட தரை ஏன் இப்படிப் பொரிந்துபோகுது?” நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் உறைவதில்லை, அவ்வளவுதான். கொங்கிரீட் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். விரிய இடமில்லாவிட்டால் சுற்றியுள்ளதை உடைக்கும். இங்கே ஜனவரியில் ஒரு நாள் மைனஸ் 15, மறுநாள் மழை, அதற்கடுத்த நாள் திரும்ப மைனஸ். தரை உறைந்து, இளகி, உறைந்து, இளகியே ஓய்ந்துபோகிறது.

அதற்கு மேல் உப்பு. கார் சக்கரத்தடியில் தொங்கிக்கொண்டு வருகிற அந்தக் கறுத்த பனிச்சேறு முழுக்க வீதியில் கொட்டிய உப்பு. அது கராஜுக்குள் சொட்டிச் சொட்டி இளகி, தரையின் மேல்தோலை எந்நேரமும் ஈரமாகவே வைத்திருக்கும். ஈரம் நிறைந்த கொங்கிரீட்தான் உறையும்போது உடையும். ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தால் மேல்தோல் மோசமாக உரிவது செறிந்த உப்பிலும் அல்ல, வெறும் தண்ணீரிலும் அல்ல, 3 சதவீதம் அளவிலான லேசான உப்புத் தண்ணீரில். கராஜில் தேங்கி நிற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் வகை உப்புகள் இதோடு நிற்காமல் சீமெந்துடன் சேர்ந்து வினைபுரிந்து அதையே இளக்கவும் செய்யும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்துப் பல காலமாகிவிட்டது. 1930களில் நியூயோர்க் மாநிலத்துக் கொங்கிரீட் வீதிகளில் சில துண்டுகள் மட்டும் பனிக்கு அசையாமல் கிடந்தன. ஏனென்று தேடிப்போனவர்கள், அந்தச் சீமெந்தை ஆலையில் அரைக்கும்போது சேர்த்த மாட்டுக்கொழுப்பு கலவைக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்ததைக் கண்டார்கள். உறையும் தண்ணீர் விரிய அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கின்றன. இன்று அதற்கென்றே ஒரு திரவம் சேர்க்கிறோம். கனேடிய நியமமான சிஎஸ்ஏ ஏ23.1 கராஜ் தரையை சி-2 என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. குறைந்தது 32 மெகாபாஸ்கல் வலு, சீமெந்தின் நிறையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது, சாதாரண 20 மில்லிமீற்றர் கல் போட்ட கலவையில் 5 முதல் 8 சதவீதம் காற்று. ஒன்ராறியோக் கட்டடச் சட்டமும் கராஜ் தரைக்கு இதையே கேட்கிறது. உங்கள் அறிவித்தலில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. “உயர்தரக் கொங்கிரீட்” என்று மட்டும் இருக்கிறது.

எபொக்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல தரைக்கு மேல் அது நல்ல பூச்சுத்தான். எங்கள் தரைகளை ஒரு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். சுவரோரம் டங் டங் என்று கேட்கும். நடுவுக்கு வந்ததும் வெறும் பானையைத் தட்டினது போல ஒரு பொள் சத்தம். அந்த இடத்தில் மேல்படை அடியை விட்டுப் பிரிந்திருக்கிறது, அல்லது தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. எபொக்சி அதை மூடும், தாங்காது. கீழிருந்து ஏறுகிற ஈரமும் வெளியேற வழியில்லாமல் பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும்.

வெற்றிடம் ஏன் வந்தது என்பதுதான் அறிவித்தலில் அறவே இல்லாத விஷயம். தெற்கு ஒன்ராறியோவில் பனி மண்ணுக்குள் இறங்கும் என்று கணக்கிட்டு, அத்திவாரத்தை ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழத்தில் வைப்பார்கள். அத்திவாரச் சுவர் எழும்பிய பிறகு உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன் மேல் கராஜ் தரையைப் போடுவார்கள். அந்த மண்ணைப் படைபடையாக இடித்து இறுக்காமல் விட்டால் வருடக்கணக்கில் தாழ்ந்துகொண்டே போகும். எங்கள் வரிசையில் பல தரைகள் வாசலை விட்டு வீட்டுச் சுவர்ப்பக்கம் சரிந்திருப்பது இதனால்தான். வெளியே ஓட வேண்டிய தண்ணீர் உள்ளே ஓடுகிறது. அடிமண்ணைத் தொடாமல் மேலே எதைப் பூசினாலும் தண்ணீர் அந்தச் சரிவில்தான் போகும்.

சரி, ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? பழைய தரையை உடைத்து அள்ள வேண்டும். இளகின மண்ணை எடுத்துவிட்டு, நொறுக்கிய கல்லை 150 மில்லிமீற்றருக்காவது இரண்டு படையாகப் போட்டு, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். சுவரைச் சுற்றி நுரைப்பட்டி வைத்தால்தான் தரை சுவரோடு ஒட்டாமல் தன்பாட்டில் அசையும். 125 மில்லிமீற்றர் தடிப்பு, வாசலை நோக்கி மீற்றருக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர் சரிவு. 24 மணி நேரத்துக்குள் தடிப்பில் கால்வாசி ஆழத்துக்கு வெட்டுக் கோடுகள். வெடிப்பு வந்தால் அந்தக் கோட்டுக்குள் வரட்டும்.

இரண்டு இடத்தில் குழுவிலிருந்து யாராவது நேரில் நிற்க வேண்டும். ஒன்று, லொறி வரும்போது. கலவை விபரம் எழுதிய டிக்கெட்டை வாங்கி 32 மெகாபாஸ்கல், காற்று 5 முதல் 8 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். கலவை இறுகலாக இருக்கிறது, இழுக்கக் கஷ்டம் என்று வேலையாட்கள் தண்ணீர் விடச் சொல்வார்கள். குழாயைத் திறந்து கணக்கில்லாமல் விட்ட தண்ணீர் தரையின் ஆயுளைக் குடித்துவிடும். நானே இளம் வயதில் அப்படி விடச் சொன்னவன், அந்தத் தரைகள் பிறகு என்ன ஆனதென்று போய்ப் பார்த்தவன். மற்றது, முடிப்பு. இரும்புக் கரண்டியால் கண்ணாடி போல இழைத்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரே கேட்பதுண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். காற்றுக் குமிழி உள்ள கொங்கிரீட்டை இரும்பால் தேய்த்து மூடினால் தண்ணீரும் காற்றும் மேல்தோலுக்குக் கீழே சிக்கி, பிறகு படையாகக் கழரும். மக்னீசியப் பலகையால் மட்டப்படுத்தி லேசாகத் துடைப்பம் இழுத்தால் போதும். வயதானவர்களுக்கு வழுக்காது என்பதும் இருக்கிறது.

நவம்பர் ஏன் வேண்டாம் என்கிறேன்? சி-2 கொங்கிரீட்டை 10 பாகைக்குக் குறையாத சூட்டில் 7 நாள் ஈரத்தோடு பதப்படுத்த வேண்டும். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் கூடாரம், கம்பளம், சூடாக்கி எல்லாம் வேண்டும். அதைச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன், ஆனால் செலவு ஏறும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் புகைபோக்கி இல்லாத புரொப்பேன் சூடாக்கியைக் கராஜுக்குள் வைத்துக் கதவை மூடுவார்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயு பச்சைக் கொங்கிரீட்டின் மேல்தோலைக் கெடுத்து, காலால் தேய்த்தால் மாவாகப் பறக்கச் செய்யும். கராஜுக்கு மேலேயும் பக்கத்திலேயும் ஆட்கள் படுத்துறங்கும் வீடுகளில் அந்தப் புகை உயிருக்கும் ஆபத்து. எல்லாம் சரியாக நடந்தாலும், டிசம்பரில் அந்தப் புதுத் தரையில் முதல் உப்புச்சேறு விழும். முதல் குளிர்காலம் உப்புப் படாமல் காக்க வேண்டிய தரை அது. மே மாதம் போட்டால், 28 நாள் கழித்து நன்றாகக் காய்ந்த தரைக்குள் தண்ணீரையும் உப்பையும் தடுக்கும் சிலேன் திரவத்தை ஊறவிட்டு, குளிருக்கு முன் கோடை முழுவதையும் கொடுக்கலாம்.

காசைப் பற்றி. கராஜ் தரை பொதுச் சொத்து என்று எங்கள் வளாகப் பத்திரத்தில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் ஒன்ராறியோக் கொண்டோமினியச் சட்டப்படி ஒதுக்கு நிதி இருப்பதே பொதுச் சொத்தின் பெரிய திருத்தத்துக்கும் மாற்றீட்டுக்கும்தான். ஒற்றைக் கார் கராஜ் ஒன்றுக்கு 2.25 கனமீற்றர் அளவு கொங்கிரீட் போகும். ஒரு லொறியில் மூன்று கராஜுக்குக் காணும். ஆகவே பக்கத்துப் பக்கத்து மூன்று வீடுகளை ஒரே நாளில் போட்டால் லொறி நிறையாமல் வந்தால் கேட்கும் மேலதிகக் கட்டணம் மிச்சமாகும். வரிசை வரிசையாகப் பிரித்து இரண்டு கோடையில் முடிக்கலாம். அதுவரை வாசல் படியடியில் ரப்பர் விரிப்புப் போடுவது, தேங்கும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுவது, உப்புக்குப் பதில் மணல் தூவுவது ஆகியவற்றை வீட்டுக்காரர்களாகிய நாங்களே பார்த்துக்கொள்வோம்.

எபொக்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் வீட்டுக்காரர் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். மொத்த வீடுகளில் 15 சதவீதத்தின் உரிமையாளர்கள் எழுதிக் கேட்டால் கூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கையெழுத்துகள் என்னிடம் சேர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் நீங்களாகவே கூட்டினால் எனக்குச் சந்தோஷம்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு என் கராஜ் திறந்திருக்கும். காரை வெளியே எடுத்துவிடுவேன். நான்கு வருடத்துக்கு முன் பூசி, பிறகு கழன்று வந்த அந்தத் துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சுத்தியலும் இருக்கும். குழுவில் ஐந்து பேரும் வந்து தட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அயலவன்