ஆறு ஃபேன் வேண்டாம், கண்ணா

புரசைவாக்கம், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பின கம்ப்யூட்டர் கேபினெட் படத்தைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஆறு ஃபேன், ஆறிலும் கலர் கலராக விளக்கு. "ஓகேவாம்மா? நாளைக்கு ஆர்டர் போட்டுடவா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லத் தொடங்கினால் கடைக்கு யாராவது வந்துவிடுகிறார்கள், பேச்சு பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆர்டரை நிறுத்தி வை. அந்தப் பெட்டி வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீ காலேஜ் கடைசி வருஷத்தில் இருந்தபோது, கத்திரி வெயிலில் நம் கடை சிஸ்டம் படுத்தியபாடு உனக்கு நினைவிருக்கும். வைகாசி முகூர்த்த நேரம். கையில் பதினோரு கல்யாண ஆல்பம், நான்கு வீடியோ. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எக்ஸ்போர்ட் போட்டால், அதாவது முடித்த வீடியோவை ஒரே பைலாக எடுக்கப் போட்டால், கால் மணி நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். சரிபார்க்க வந்தவர் பிராசசர் போய்விட்டது என்றார். மாற்றினோம். மறுபடியும் அணைந்தது. அடுத்து மதர்போர்டு என்றார். அதற்கும் பணம் புரட்ட அப்பா கிளம்பியிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு ஊதுபத்தியைக் கடை முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தேன். சிஸ்டத்தின் பின்பக்கம் வந்ததும் புகை சட்டென்று வளைந்து உள்ளே போயிற்று. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இருக்கிற ஃபேன் சூட்டை வெளியே தள்ள வேண்டியது. அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. முன்பக்க ஃபேனும் உள்ளே இழுக்கிறது. சூடு வெளியேற மிச்சமிருந்தது மேலே உள்ள சல்லடை ஒன்றுதான். அதன் மேல் நான் ஆல்பம் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். அப்பா டார்ச் பிடிக்க, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பின் ஃபேனைத் திருப்பி மாட்டினேன், அட்டைகளை இறக்கினேன். அன்று ராத்திரி இரண்டு மணி நேர வீடியோ ஒரே மூச்சில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த சிஸ்டம் ஒரு நாளும் அணைந்ததில்லை. தேவையில்லாமல் வாங்கின பிராசசரின் பில் இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஃபேன் விஷயத்தில் நான் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை.

முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள். ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்காது. அறையில் இருக்கிற காற்றை எடுத்து, சூடான பாகங்களின் மேல் ஓட்டி, வெளியே விடும், அவ்வளவுதான். அறை எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது உன் பிராசசர் 80-ல் ஓடுகிறது என்று வை. அறை 40 ஆனால், அதே வேலைக்கு அது 95 பக்கம் போய் நிற்கும். இப்போதைய பிராசசர்கள் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். இங்கே எங்களுக்கு மத்தியானத்தில் கடற்காற்று ஏறி வந்து கொஞ்சம் காப்பாற்றும். உன் நாக்பூரில் அதுவும் கிடையாது, மே மாதம் 45 சாதாரணம். அதனால் அங்கே காற்று தடையில்லாமல் போய்வருவது உனக்கு இன்னும் முக்கியம்.

நம் சமையலறையையே எடுத்துக்கொள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்தினால் மிளகாய் நெடி போகவே போகாது. கூடத்துக் கதவைத் திறந்த அடுத்த நிமிஷம் போய்விடும். அதே ஃபேன்தான், உள்ளே வரக் காற்றுக்கு வழி கிடைத்ததும் வேலை செய்கிறது. மயிலாப்பூரில் தாத்தா வீட்டில் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் நேருக்கு நேர் திறந்து வைப்பார்களே, அந்தக் கூடத்தில் மின்விசிறி போடாமலே படுத்துத் தூங்கியிருக்கிறாய். நீ பார்த்த பெட்டியில் வாசல் கதவு கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறது. அதன் பின்னால் மூன்று ஃபேன் நின்று, பக்கவாட்டில் இருக்கிற விரல் அகலச் சந்து வழியாக மூச்சு வாங்க வேண்டும். முன்பக்கம் மெஷ், அதாவது கம்பிவலை, போட்ட கேபினெட்டாகப் பார். ஃபேன் வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எத்தனை ஃபேன்? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், மற்றதெல்லாம் சேர்த்து முழு வேலையில் 350 வாட் சூடு என்று வைத்துக்கொள். அத்தனையும் கடைசியில் காற்றில்தான் இறங்கும். உள்ளே போகிற காற்று வெளியே வரும்போது 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால் நிமிஷத்துக்கு 60 கன அடிக்குக் கொஞ்சம் மேலே காற்று ஓட வேண்டும். இந்தக் கன அடிக் கணக்கைத்தான் டப்பாவில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பான். ஒரு நல்ல 120 மி.மீ. ஃபேனிலேயே 56 என்று போட்டிருக்கும். உடனே ஒன்று போதுமே என்று தோன்றும். அது எந்தத் தடையும் இல்லாமல், முழு வேகத்தில் அளந்த கணக்கு. மெஷ், தூசி ஃபில்டர், வயர்கள் எல்லாவற்றையும் தாண்டி, நீ காதால் தாங்கக்கூடிய வேகத்தில் ஓட்டும்போது பாதி கிடைத்தால் பெரிசு என்று நினைத்துக்கொள். அதனால் முன்னால் இரண்டு 140 மி.மீ. அல்லது மூன்று 120 மி.மீ. ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். அதற்கு மேல் கூட்டக் கூட்டக் கிடைக்கிற லாபம் ஒன்றிரண்டு டிகிரிதான்.

மேலேயும் மாட்டச் சொல்வார்கள். மாட்டினால் பின்பக்கம் ஒட்டி ஒன்று மட்டும் மாட்டு. முன்பக்கம் ஒட்டி மேலே மாட்டினால், உள்ளே வந்த புதுக் காற்று பிராசசரை எட்டுவதற்கு முன்னாலேயே அதை மேலே இழுத்து வெளியே விட்டுவிடும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போது ஃபில்டர் வழியாக மட்டும்தான் காற்று வரும். வெளியே தள்ளுவது கூடினால் யுஎஸ்பி ஓட்டையிலிருந்து ஸ்க்ரூ ஓட்டை வரை எல்லாச் சந்தும் தூசியை இழுக்கும்.

சிஎஃப்எம் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், ஸ்டாட்டிக் பிரஷர் என்று. தடையை எதிர்த்து எவ்வளவு தள்ளும் என்பதற்கான அளவு அது. மெஷ், ஃபில்டர், ரேடியேட்டர் இவற்றின் பின்னால் நிற்கிற ஃபேனுக்கு இதைப் பார்த்து வாங்கு. ஆர்க்டிக் கம்பெனியின் பி12 ஃபேனில் 2.2 மில்லிமீட்டர் (தண்ணீர் மட்டத்தை வைத்து அளக்கிற கணக்கு) என்று போட்டிருக்கும், விலைக்கு அது நல்ல அளவு, ஐந்து சேர்ந்த பேக்காகவும் வருகிறது. நாக்டுவா கம்பெனியின் பழுப்பு நிற ஃபேன் இன்னும் உசத்தி, ஆறு வருஷ வாரண்டி கொடுக்கிறான். ஆனால் அதன் ஒரு ஃபேன் விலையில் மற்றதில் பல வாங்கலாம். நீ படுக்கிற அறையிலேயே சிஸ்டம் இல்லாவிட்டால் அந்தச் செலவு வேண்டாம் என்று சொல்வேன். உன் விஷயத்தில் கட்டில் பக்கத்திலேயே மேஜை, அதனால் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

நீ சரியாகத் தூங்காவிட்டால் மறுநாள் தலைவலி என்று போன் பண்ணுவாய், எனக்குத் தெரியும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும், காதுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். அதே ஃபேன் இன்னொன்று பக்கத்தில் ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் ஒரு ஃபேனை அலறவிடுவதைவிட இரண்டு மூன்றை மெதுவாக ஓட்டுவது நல்லது. சின்னதைவிடப் பெரியது நல்லது, அதே காற்றை மெதுவாகச் சுற்றியே கொடுத்துவிடும். இதைத்தான் நம் கடையில் செய்தேன். இப்போது ராத்திரி எக்ஸ்போர்ட் ஓடும்போது சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்கிறது.

இன்னொன்று, பயாஸில், அதாவது சிஸ்டம் தொடங்கும்போது திறக்கிற மதர்போர்டின் செட்டிங் பக்கத்தில், ஃபேன் வேகத்தைப் பிராசசர் சூட்டோடு கட்டியிருப்பார்கள். ஒரு பைலைத் திறந்தாலே சூடு ஒரு நொடி குதிக்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் தூக்கத்தைக் கெடுக்கும், ஒரே சீரான ஓசை கெடுக்காது. 70 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதற்கு மேல் படிப்படியாக ஏறுவது என்று வை. வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுக்கிற வசதியும் அங்கேயே இருக்கும். இதற்கு நான்கு பின் உள்ள, வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடிகிற பிடபிள்யூஎம் ஃபேன் வாங்கு. மூன்று பின் ஃபேனும் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும், வேலையும் செய்யும், ஆனால் மிக மெதுவான வேகத்தில் அவ்வளவு நிதானமாக ஓடாது.

ஃபேன் சுழல்கிற அச்சைத் தாங்குகிற பேரிங்கைப் பற்றி டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார். விலை குறைந்ததில் ஸ்லீவ் பேரிங் இருக்கும். நிமிர்ந்து நிற்கிற வாக்கில் அது சில வருஷம் ஓடும். மேலே படுத்த வாக்கில் மாட்டினாலும், சூடான இடத்தில் வைத்தாலும் எண்ணெய் காய்ந்து கறகற என்று சத்தம் வரும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று போட்டிருப்பதை வாங்கு.

விளக்கு ஆசை உனக்கு இருப்பது தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒன்றிரண்டில் இருக்கட்டும். ஆனால் மூன்று பின் உள்ள 5 வோல்ட் விளக்கு வயரைத் தவறிப்போய்க்கூட 12 வோல்ட் முனையில் சொருகாதே, விளக்கு அத்தனையும் எரிந்துபோகும்.

நேற்று ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். வாங்குவதற்கு முன் 12 வோல்ட்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னால் கடைக்காரர்கள் காட்டுகிறார்கள், நீயும் அங்கே கடையில் வாங்கினால் கேள். காதருகே வைத்து, டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கவனித்தேன். ஒன்றில் வந்தது, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிறகு 140 மி.மீ. இரண்டு வாங்கினேன், பின்னால் போட ஒரு 120. எல்லாம் நான்கு பின், ஃப்ளூயிட் பேரிங்.

மாட்டும்போது திசையைப் பார்த்து மாட்டு. குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியே வருகிற பக்கம். சில ஃபேனில் பக்கவாட்டில் அம்புக்குறியும் போட்டிருக்கும். மாட்டி முடித்துப் பக்கத் தகட்டையும் மூடின பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டு. முன்னால் புகை உள்ளே போக வேண்டும், பின்னால் வெளியே தள்ள வேண்டும். ஊதுபத்தி அங்கே கிடைக்கும், தெரியும், இருந்தாலும் பருப்புப்பொடியோடு ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

உன் அறையில் ஏர் கூலர் ஓடுகிறதல்லவா, அதன் நேர் எதிரே சிஸ்டத்தை வைக்காதே. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்தால் ஃபில்டரில் அப்பம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீரின் உப்பும் உள்ளே போய்ப் படியும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்று. முன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அலம்பி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. இங்கே நம் பழக்கம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைப்பது, உன் ஊர்த் தூசிக்கு அது காணாது. ப்ளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். சும்மா விட்டால் கன்னாபின்னா வேகத்தில் சுற்றிப் பேரிங் வீணாகும்.

அப்பாவின் நண்பர் வெள்ளிக்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி போகிறார். நாக்பூர் ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள், கோச் நம்பர் அப்பா அனுப்புவார். அதற்கு முன்னால் மெஷ் போட்ட கேபினெட் ஒன்றைப் பார்த்து, முன்பக்கம் 140 மாட்ட இடம் இருக்கிறதா என்று விவரத்தில் படித்துச் சொல். கடையில் நேரில் பார்த்தால் ஸ்கேல் வைத்து அள. ஸ்க்ரூ ஓட்டைக்கும் ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவே 124.5 மி.மீ. இருந்தால் 140, 105 இருந்தால் 120 மட்டும்தான் பொருந்தும். 120-தான் என்றால் வியாழக்கிழமைக்குள் போன் பண்ணு. கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நானே போய் மூன்றாக மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா