அது இறால் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல அனோமலோகாரிஸ் படத்த போட்டு கீழ "50 கோடி வருஷத்துக்கு முந்தைய ராட்சத இறால்"னு எழுதியிருந்தீங்க. என் பொண்ணு அத வெட்டி சயின்ஸ் நோட்டுல ஒட்டிட்டா, அதான் இந்த லெட்டர், இல்லேன்னா விட்டிருப்பேன். அது இறால் இல்ல சார். ஆனா உங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது, இதே தப்ப 1892லயே ஒருத்தர் பண்ணியாச்சு.

கனடாவுல மவுண்ட் ஸ்டீபன்னு ஒரு மலை, அங்க கெடச்ச ஃபாசில வெச்சு வைட்டீவ்ஸ்ங்கிறவர்தான் அந்த பேரே வெச்சார், விசித்திரமான இறால்னு அர்த்தம். மீன் கடைல தலைய கிள்ளி வெச்ச இறால பாத்திருப்பீங்கல்ல, அதே மாதிரி வளைஞ்சு, கணு கணுவா, அடில முள்ளு முள்ளா இருக்கும், நானா இருந்தாலும் இறால்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா எத்தன கெடச்சாலும் ஒண்ணுக்கும் தலை இல்ல. ஏன்னா அது உடம்பே இல்ல, ஒரு பெரிய பிராணியோட மூஞ்சிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருந்த ரெண்டு கையில ஒண்ணு!

கூத்து இதோட முடியல. 1911ல வால்காட்னு ஒரு ஆராய்ச்சியாளர், பக்கத்துலயே பர்ஜஸ் ஷேல் பாறைல கெடச்ச ஒரு வட்டத்த, அன்னாசிப்பழத்த வட்டமா நறுக்கின மாதிரி நடுவுல ஓட்டையோட இருக்கும், அத ஜெல்லி மீன்னு எழுதி பெய்டோயான்னு பேர் வெச்சார். இன்னொன்ன கடல் அட்டைனு நெனச்சு லக்கானியான்னு வெச்சார். 1985ல விட்டிங்டன், பிரிக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எல்லாத்தயும் சேத்து பாத்தாதான் தெரியுது, இறாலுன்னது கை, ஜெல்லி மீனுன்னது வாய், கடல் அட்டைன்னது உடம்பு. அப்புறமும் ஒரு திருத்தம் வந்துச்சு, அந்த அன்னாசி வாய் அனோமலோகாரிஸோடது இல்ல, அதுக்கு உறவான பெய்டோயாங்கிற இன்னொரு பிராணியோடதுன்னு 2012ல சொன்னாங்க. அனோமலோகாரிஸ் வாய்ல பெரிய தகடு மூணுதான், பெய்டோயாவுக்கு நாலு.

இப்ப உங்க படத்துக்கு வரேன். ஓவியர் அடில பத்து கால் வரைஞ்சிருக்கார். நடக்குற காலே அதுக்கு கெடையாது சார், ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி மடல் வரிசையா இருக்கும், அத ஆட்டித்தான் நீந்தும். கணு விட்டு மடங்குறது முன்னாடி இருக்குற அந்த ரெண்டு கை மட்டும்தான், மிச்ச உடம்பு மெத்துனு இருக்கும். அதனாலதான் இறால் கூட்டத்துல சேக்க முடியாது. ரேடியோடொன்டான்னு தனியா வெச்சிருக்காங்க, இறால், நண்டு, பூச்சி, சிலந்தி எல்லாம் தனித்தனியா பிரியறதுக்கு முன்னாடியே அந்த வம்சத்துலேர்ந்து ஒதுங்கிப்போன கிளை, இறாலுக்கு தூரத்து பெரியப்பா முறைன்னு வேணா சொல்லிக்கலாம்.

"ட்ரைலோபைட்ட நொறுக்கித் தின்னும்"னு வேற போட்டிருந்தீங்க, ட்ரைலோபைட்னா உடம்பு மேல கெட்டி ஓடு இருந்த பழைய கடல் பிராணி. அதுலயும் இப்ப சந்தேகம் இருக்கு, அந்த கைக்கு ஓட்ட ஒடைக்கிற அளவு பலம் இருந்திருக்காது, மெத்துனு உடம்பு உள்ளதத்தான் புடிச்சிருக்கும்னு 2023ல ஒரு ஆய்வு வந்திருக்கு. பிள்ளைங்க வாய பொளக்கணும்னா கண்ண பத்தி எழுதியிருக்கலாமே, ஆஸ்திரேலியாவுல கங்காரு தீவுல கெடச்ச ஃபாசில்ல ஒரு கண்ணுல மட்டும் 16,000க்கு மேல லென்ஸ்!

அடுத்த ஞாயிறு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. நோட்டுல ஒட்டின படத்த கிழிக்க மாட்டேங்குறா, பத்து காலயும் பென்சிலால அடிச்சிட்டு எதிர் பக்கத்த காலியா விட்டு வெச்சிருக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்