ஐபேட் வாசிப்பைப் பதிவு செய்ய ஒரு ஒயர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஐபேடில் சிந்தசைசர் வாசிப்பவர்களுக்காகத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான துணுக்கில், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) செருகினால் பதிவு ஆகிவிடும் என்று யோசனை சொல்லப்பட்டிருந்தது. அதை அப்படியே செய்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பேஸும் லீடும் காணாமல்போன, ரிவெர்ப் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் ஒலிக்கிற பதிவுதான்.

கோளாறு ஜாக்கில் இருக்கிறது. ஹெட்போன் துளை, இடது வலது இரண்டையும் ஒரே 3.5 மி.மீ. பின்னில் தருகிறது. இன்டர்ஃபேஸின் 6.35 மி.மீ. லைன் இன்புட் பெரும்பாலும் பேலன்ஸ்டு வகை. பின்னின் நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ பின்னை அதில் செருகினால் இடதிலிருந்து வலது கழிந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற நடு ஒலி மொத்தமும் பூஜ்யமாகிவிடும். ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மோனோ பின் உள்ள பிரிப்பு ஒயர்தான் வேண்டும். இன்புட் இரண்டையும் லைன் நிலையில் வைத்து, மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவரை அணைத்துவிட்டுச் செருக வேண்டும். வாசிக்கும்போது சார்ஜர் போட்டிருந்தால் எர்த் சுற்றி வந்து 'ஙொய்' என்று இரைச்சல் ஏறும். பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடும். நீண்ட கச்சேரி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸை (நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒலியைக் கடத்தும் சிறு பெட்டி) நடுவில் போடலாம். இன்னொன்று, 2018 முதல் வந்த ஐபேட் புரோக்களில் அந்தத் துளையே கிடையாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவுமே தேவையில்லை. 2015-ல் ஐ.ஓ.எஸ். 9, ஓ.எஸ். எக்ஸ் எல் கேப்பிட்டன் வந்தது முதலே, சார்ஜ் போடும் ஒயரிலேயே ஐபேடின் ஸ்டீரியோ ஒலி டிஜிட்டலாக மேக்குக்குப் போகும். ஐபேடை இணைத்து, பூட்டைத் திறந்து, 'நம்பு' என்று கேட்பதற்கு ஒப்புதல் கொடுங்கள். மேக்கின் யூட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் உள்ள ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியைத் திறந்து, விண்டோ மெனுவிலிருந்து சாதனப் பட்டியலைக் கூப்பிட்டு, ஐபேடுக்குப் பக்கத்தில் உள்ள 'எனேபிள்' பொத்தானை அழுத்துங்கள். பிறகு பதிவு மென்பொருள் லாஜிக், ஏபிள்டன் லைவ், ரீப்பர் எதுவானாலும் இன்புட் பட்டியலில் ஐபேட் தெரியும். அந்த நொடியே ஐபேடின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பழுது என்று பலர் பயப்படுவது இங்கேதான். ஒலி மேக் வழியாகத்தான் திரும்பக் கேட்கும் என்பதால் டிராக்கில் மானிட்டரை ஆன் செய்து, ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு) 128 என்பது 2.7 மில்லி செகண்ட் தாமதம், 1024 என்பது 21. பின்னதில் துரிதகாலம் வாசித்தால் விரல் ஓரிடம், ஒலி ஓரிடம். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவவே உதவாது.

கூடவே பாட்டுக்கோ மிருதங்கத்துக்கோ மைக் வைத்தால் ஐபேடையும் இன்டர்ஃபேஸையும் ஆடியோ மிடி செட்டப்பிலேயே அக்ரிகேட் (கூட்டு) சாதனமாக ஒன்றாக்கி, இன்டர்ஃபேஸைக் கடிகாரமாக வைத்து, ஐபேடுக்கு எதிரே டிரிஃப்ட் கரெக்ஷனை (கடிகார விலகல் திருத்தம்) தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் அவ்வப்போது 'டிக்' சத்தம் விழும். அதை எடிட்டில் எடுப்பது எளிதல்ல.

விண்டோஸில் இந்த வசதி இல்லை. மேலே சொன்ன பிரிப்பு ஒயர், அல்லது ஐகனெக்ட்ஆடியோ4+ போல ஐபேடையும் கணினியையும் ஒரே நேரத்தில் இணைக்கும் இரண்டு யூ.எஸ்.பி. வாசல் கொண்ட இன்டர்ஃபேஸ், இவை எளிய வழிகள்.

சாம்பிள் ரேட்டைப் பற்றித் துணுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்நாடக இசைக்காரர்களைத்தான் இது முதலில் பாதிக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த பதிவை, மாற்றம் செய்யாமல் 48 பிராஜெக்டில் ஓட்டினால் ஏறத்தாழ 147 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) ஸ்ருதி ஏறும். ஒரு கட்டையில் வாசித்தது, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எந்தத் தம்புராவோடும் சேராத இடத்தில் போய் நிற்கும். பத்து நிமிட ஆலாபனை 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும். ஐபேட், இன்டர்ஃபேஸ், மென்பொருள் மூன்றையும் முதலிலேயே 48-க்கு வைத்துவிடுவது நல்லது. 24 பிட்டில் எடுத்தால் உச்ச லெவல் மைனஸ் 12 டெசிபலில் நின்றாலும் எதையும் இழப்பதில்லை. மீட்டர் சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்றுவது டேப் காலத்துப் பழக்கம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒலியோடு மிடியையும் (எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்பு மட்டும்; ஒலி அல்ல) தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். மேக்கில் அதே ஒயரிலேயே அதுவும் வரும். ஒரு சுரம் பிசகினால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். ஐபேடில் கர்நாடக இசை வாசிக்கும் மகேஷ் ராகவன் போன்றவர்கள் ஜியோஷ்ரெட் செயலியில் கமகம் வாசித்துக் காட்டிய பிறகு இது நமக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. கமகத்தை மிடியில் பிடிக்க எம்.பி.ஈ. முறை வேண்டும். 2018-ல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறையில் ஒவ்வொரு விரலுக்கும் தனி மிடி சேனல். ஆகவே டிராக் எல்லாச் சேனலையும் ஏற்க வேண்டும். ஏபிள்டன் லைவ் இதை 11-ஆம் பதிப்பிலிருந்துதான் ஏற்கிறது. லாஜிக்கில் மிடி மோனோ மோடை ஆன் செய்ய வேண்டும். எல்லா விரலையும் ஒரே சேனலில் திணித்துப் பதிவு செய்தால் ஒரு விரலின் அசைவு எல்லாச் சுரத்தையும் சேர்த்து இழுத்துப்போகும்.

அதைவிடப் பொதுவான பிழை பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது சுரத்தை அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு. எம்.பி.ஈ.யின் இயல்பு எல்லை 48 அரைச்சுரம். அனுப்பும் செயலி 24-லும் வாங்கும் கருவி 48-லும் இருந்தால், ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு இழுத்த விரல் அந்தர காந்தாரத்தில் போய் விழும். அனுப்புவது 48, வாங்குவது 2 என்றால் கமகம் அசையவே அசையாது. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிவப்புப் பொத்தானைத் தொட வேண்டும். மென்பொருள் அந்த மிடியை ஐபேடுக்கே திருப்பி அனுப்பினால் சுரங்கள் இரட்டித்து ஒலிக்கும். அந்த அவுட்புட்டை அணைத்துவிடுங்கள்.

மிடி இருக்கிறதே என்று ஒலியை விட்டுவிடவும் கூடாது. 2017-ல் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது 32 பிட் செயலிகள் ஒரேயடியாக ஓடாமல் போயின. மிடி மட்டும் வைத்திருந்தவர்களிடம் சுரம் மிஞ்சியது, அந்தக் கருவியின் குரல் மிஞ்சவில்லை.

மேடையில் கழுத்தறுப்பது ஐபேடின் சைகைகள். ஐந்து விரலால் கார்ட் (ஒரே நேரத்தில் பல சுரம்) பிடித்துச் சற்று நகர்த்தினால், வேறு செயலிக்குத் தாவச் சொல்வதாக அது எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் அந்தச் சைகைகளை அணைத்து, கைடட் ஆக்ஸஸை (ஒரே செயலியில் பூட்டிவைக்கும் வசதி) போட்டுவிட்டால் கீழ் விளிம்பில் கை பட்டாலும் திரை மாறாது. ஆட்டோ லாக் 'ஒருபோதும் இல்லை' என்று இருக்கட்டும். அழைப்பும் அறிவிப்பும் அடங்கியிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று சிந்தசைசரைச் சேர்த்து வாசிப்பவர்களுக்கு ஒயரில் இரண்டு சேனல் போதாது. ஏ.யூ.எம். என்ற மிக்சர் செயலியில் ஒவ்வொரு சேனலையும் ஐபேடுக்குள்ளேயே தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு கணினிக்கு மாற்றலாம். ஆனால் கணினியிலும் கூடவே பதிவு செய்தால், ஐபேட், கணினி இரண்டின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே அரை மணியில் 36 மில்லி செகண்ட் விலகும். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக, இரண்டு பதிவிலும் விழும்படி கூர்மையான தட்டு ஒலி கொடுத்தால் நீட்டிச் சுருக்கிப் பொருத்திவிடலாம். ஏபிள்டன் லிங்க் இதைச் சரிசெய்யும் என்று சிலர் நம்புகிறார்கள். அது டெம்போவையும் தாளத்தையும் இணைக்குமே தவிர, ஒலிக்கோப்புகளின் கடிகாரத்தைத் தொடாது.

அந்தத் துணுக்கை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், ஒரு பின்னா இரண்டு பின்னா என்பதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூட ஊழியர்,
வடபழனி, சென்னை