உங்கள் மெசேஜை நான்தான் வாசிக்கிறேன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளைக் கணினிமயமாக்கும் பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஒரு கொமினிகேஷன் கடை நடத்துகிறவன். ரீலோட், போட்டோக்கொப்பி, பிரின்ட், பாஸ்போட் சைஸ் படம், விண்ணப்பம் நிரப்புதல். முன்னுக்கு ஒரு வாங்கு, மேலே தகரக் கூரை. 11 வருசமாகிறது. வைத்தியத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் உங்கள் வேலையில் ஒரு பகுதி என்னுடைய மேசையில்தான் நடக்கிறது. நீங்கள் என்னிடம் அதை ஒப்படைக்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

"தம்பி, இதில என்னவோ வந்திருக்கு, ஒருக்கா பாருங்க மனே" என்று போனை நீட்டுவார்கள். முந்தி அது போன் கம்பனியின் விளம்பரமாக இருக்கும். "ஒண்டுமில்ல ஆச்சி" என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்போது வருவது கிளினிக் திகதி, இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கானுக்கு வரச்சொன்ன நேரம். ஆச்சிக்கு என்ன வருத்தம் என்பது ஆச்சியின் பிள்ளைகளுக்கு முன் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

கணினி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. 2024 கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் பக்கத்து ஐயா ஒருவரின் கிளினிக் கொப்பி நனைந்து, மை கரைந்து, கஞ்சியில் ஊறிய அப்பளம் மாதிரிப் போய்விட்டது. தான் போடுகிற குளிசைகளை அவருக்கு நிறத்தால்தான் தெரியும்: "வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்டு." ஆனால் வைத்தியசாலையில் பதிந்த நம்பர் எழுதிய அட்டையைப் பொலித்தீனில் சுற்றி மடிக்குள் வைத்திருந்தார். நம்பரைத் தட்டியதும் குளிசையின் பெயர், அளவு, முன்பு ஒரு ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாம் திரையில் வந்ததாம். வெள்ளம் வடிந்து, அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையிட என்னிடம் வந்தபோது, "கொம்பியூட்டருக்கு என்னைத் தெரிஞ்சிருக்குடா தம்பி" என்று சொன்ன முகத்தை நான் மறக்கவில்லை. 2004 கடல் கொந்தளிப்பிலும் 2011 வெள்ளத்திலும் கடதாசி கடதாசியாக எல்லாவற்றையும் இழந்த மாவட்டங்கள் இவை. இங்கே யாரும் உங்களோடு இதற்காகச் சண்டைக்கு வரப்போவதில்லை.

நாட்டில் இதற்கு ஆள் இல்லை என்றும் சொல்லமுடியாது. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009 இலிருந்து வைத்தியர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுமாணி படிப்பிக்கிறது. 2020 தையில், கொரோனா இன்னும் சரியாக வந்து இறங்காத நேரம், விமான நிலையத்தில் இறங்குகிறவர்களைக் கண்காணிக்க டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளில் ஒரு பதிவு முறையைச் செய்தது இலங்கை. பிறகு எத்தனையோ நாடுகள் அதே வழியில் போயின. இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு மெசேஜைத் தமிழில் அனுப்பத் தெரியாதா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கதையெல்லாம்.

ஒரு மூத்தம்மாவுக்கு மெசேஜ் வந்தது. முழுக்க ஆங்கிலம். திகதியும் நேரமும் இலக்கத்தில் இருந்தபடியால் பேரப்பிள்ளை அதை மட்டும் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். மூத்தம்மா விடியச் சாமம் எழும்பி, இரவுச் சோற்றுக்குத் தண்ணி ஊற்றி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போனார். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபடியால் பரவாயில்லை, முந்தியென்றால் வாவியைக் கடக்க, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்கும் காத்துநின்றிருக்க வேண்டும். அங்கே போய் வரிசையில் நின்று முறை வந்தபோது மிஸி, அதாவது தாதி, கேட்டிருக்கிறார், "சாப்பிட்டீங்களா அம்மா?" பட்டினியோடு எடுக்கவேண்டிய இரத்தம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அந்த மெசேஜை என்னிடம் கொண்டுவந்தார். கடைசி வரியில் சாப்பிடாமல் வரும்படி தெளிவாக இருந்தது. மிஸியில் பிழையில்லை, மெசேஜிலும் பிழையில்லை. மூத்தம்மாவிலும் பிழையில்லை என்றால் பிழை எங்கே?

ஏன் தமிழில் வருவதில்லை என்று ஒருமுறை விசாரித்தேன். காசு என்றார்கள். அது பொய்யில்லை, விசயம் எனக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்குள் 160 எழுத்துக் கொள்ளும். தமிழ், சிங்களம் என்றால் 70தான். அந்த 70க்குள்ளும் புள்ளி ஒன்று, கால் ஒன்று, கொம்பு ஒன்று என்று தனித்தனியாக எண்ணுகிறது இயந்திரம். 'கிளினிக்' என்று எழுதினால் எட்டுப் போய்விடும். 70ஐத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ்ஸின் காசு. உங்கள் அலுவலக நடையில் "தங்களது பரிசோதனைக்கான திகதி பின்வருமாறு மாற்றியமைக்கப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றோம்" என்று எழுதினால் நிச்சயமாக இரண்டு காசுதான். ஒரு பின்னேரம் கடையில் ஆளில்லாத நேரம் நான் எழுதிப் பார்த்தேன்:

கிளினிக் 14ஆம் திகதி காலை 8 மணி. சாப்பிடாமல் வரவும்.

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 52. இன்னும் 18 மிச்சம் கிடக்கிறது. இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், காசு கேட்கமாட்டேன்.

இதைவிடச் சிக்கலானது போன் யாருடையது என்ற கேள்வி. பதிகிற இடத்தில் நம்பரைக் கேட்பார்கள், யாருடைய நம்பர் என்று கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன்தான் இருக்கும். சில வீட்டில் கொடுக்கிற நம்பர் கட்டாரில் நிற்கிற மகனுடையது, ஏனென்றால் அந்த நம்பர் மாறாது. ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் ரிப்போட்டைப் பார்க்க ஒரு இரகசிய இலக்கம் வரவேண்டும். அது கட்டாருக்குப் போய், மகன் வேலை முடிந்து இரவு வட்ஸ்அப்பைத் திறந்து, அங்கிருந்து எனக்கு அனுப்பி, நான் பிரின்ட் எடுத்து, அடுத்த நாள் காலை தகப்பன் வந்து எடுத்துப் போகிறார். இரண்டு மைல் தூரத்தில் எடுத்த இரத்தத்தின் முடிவு வளைகுடாவைச் சுற்றி வருகிறது.

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழை. ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு இளம் பிள்ளை. திருமணமாகி அதிக நாளில்லை. மாமியாரின் போனுக்குத்தான் மெசேஜ் வந்திருந்தது. மாமியார் போனை அவளிடம் கொடுத்து, கடையில் காட்டி என்னவென்று கேட்டு வரச்சொல்லியிருக்கிறார். வாங்கில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு அவசரம், ஒரு கையால் போட்டோக்கொப்பி மெசினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டு மற்றக் கையால் போனை வாங்கி, வழக்கம்போல உரத்து வாசித்தேன். "மனநலக் கிளினிக்..." என்றதும் நிறுத்தினேன், ஆனால் நிறுத்தியதே எல்லோருக்கும் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கிக்கொண்டு போனாள். வாங்கில் இருந்த ஒரு அம்மா, "ஆருட மருமகள் அது?" என்று கேட்டா. பிறகு அவள் என் கடைப் பக்கமே வரவில்லை. ரீலோட் போடக்கூட அடுத்த ஊருக்குப் போவதாகக் கேள்வி. கிளினிக்குக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு முகமில்லை.

2022 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரின் உடல்நலம் பற்றிய தகவலை அது விசேட வகைத் தரவாகத் தனியே வைத்திருக்கிறது. உங்கள் கூட்டங்களில் தரவுப் பாதுகாப்பு என்றால் சேர்வர், பாஸ்வேட், வெளிநாட்டு ஹக்கர் என்று பேசுவீர்கள் என நினைக்கிறேன். பேசத்தான் வேண்டும், 2018 இல் சிங்கப்பூரில் 15 இலட்சம் நோயாளரின் விபரம் களவு போனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விபரம்கூடத் தப்பவில்லை. ஆனால் என்னுடைய கடைக்குள் எந்த ஹக்கரும் வரத்தேவையில்லை. நோயாளியே பூட்டைத் திறந்து போனைக் கையில் தருகிறார், நாலு பேர் கேட்க நான் வாசிக்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு மேசையில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: 'ஆஸ்பத்திரி மெசேஜ் உரத்து வாசிக்கப்படமாட்டாது'. உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொல்கிறேன். காது கேளாத பெரியவர்களுக்கு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

ஆகவே கேட்கிறேன். பதிகிற மேசையில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: எந்த மொழியில் மெசேஜ் வேண்டும், இந்தப் போன் யாருடையது. இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம் போகாது. போன் சொந்தமில்லை என்று சொன்னால், அல்லது கிளினிக் அப்படிப்பட்டது என்றால், மெசேஜில் கிளினிக்கின் பெயரே வேண்டாம். மனநலம், பாலியல் நோய், கசநோய், கர்ப்பம் எதுவானாலும் 'உங்கள் திகதி 14, காலை 8' என்று போதும். வரவேண்டியவருக்கு எங்கே என்று தெரியும். மெசேஜே வேண்டாம், கொப்பியில் எழுதித் தாருங்கள் என்கிறவருக்கு எழுதிக் கொடுக்கவும் மனம் வையுங்கள். கொப்பியை நிறுத்திவிடப் போவதாக ஒரு கதை அடிபடுகிறது. உண்மையோ பொய்யோ, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்; மாரியில் கரண்ட் போய் டவரும் விழுந்த நாட்களில் எங்களுக்கு மிஞ்சுவது கொப்பிதான், கொப்பி நனைந்த நாளில் கொம்பியூட்டர். ஒன்றுக்கு மற்றது துணை.

பெயர் விசயமும் ஒன்றிருக்கிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பதிகிறீர்கள். கந்தசாமியின் 'ந்த'வுக்கு ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டி எச், மூன்றாமவர் அடையாள அட்டையைப் பார்த்து அங்கே இருக்கிறதைப் போடுவார். அதோடு பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் 12 இலக்கம். ஒரே கந்தசாமிக்கு மூன்று நோயாளி நம்பர் இருப்பதை நான் மூன்று நோயாளி அட்டையையும் ஒன்றாகப் போட்டோக்கொப்பி எடுத்தபோது கண்டேன். ஒத்துக்கொள்ளாத ஊசியின் குறிப்பு முதல் நம்பரில் இருந்து, அவசரத்தில் மூன்றாவது நம்பர் திறந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. பெயரைத் தமிழிலும் பதியுங்கள். பழைய அட்டை இலக்கத்தைப் புதியதாக மாற்றுவதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது, கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, பிறந்த வருடத்துக்கு முன்னால் 19 சேர்ப்பதும் நடுவில் ஒரு பூச்சியம் போடுவதும்தான். அதை மென்பொருளே செய்யும்.

போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், கிராமத்துப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பங்கு பிரிப்பு. நோயாளி இங்கேயிருந்து அங்கே போகும்போது அவருடைய விபரமும் கூடப் போகவேண்டும். இப்போது அது பெரும்பாலும் சொப்பிங் பையில்தான் போகிறது.

எல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, வாசித்துச் சொல்லுகிற ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறவர், எந்த வீட்டில் யாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் தலையில் ஏற்கெனவே மலையளவு பதிவேடு, இன்னொன்றைத் தூக்கிவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரதேச வைத்தியசாலையில் ஒரு மேசை, ஒரு கதிரை, இரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஒரு ஊழியர், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். மெசேஜ் வாசிக்க, ரிப்போட் பிரின்ட் எடுத்துக்கொடுக்க. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸைப் பாருங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி எங்களிடமும் வந்துசேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாவும் அந்த நாலு இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அழுத்தினால் ஒரு மனிசக் குரல் வருகிறது, பதில் சொன்னால் போதும்.

ரிப்போட் பிரின்ட் ஒரு பக்கம் எனக்கு 20 ரூபா. கிளினிக் நாளுக்கு முந்தின பின்னேரம் அதில் நல்ல வரும்படி. அந்த மேசை வந்தால் அது போய்விடும். போகட்டும், எனக்குப் பாடசாலை வினாத்தாள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதான் இந்தப் பக்கத்துச் சனம் அதிகமாகக் கிளினிக்குக்குப் போகிற நாள். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு உங்களில் ஒருவர் வாருங்கள். யாரென்று சொல்லத் தேவையில்லை, வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வாங்கில் இடமிருக்காது, உள்ளேயிருந்து ஒரு கதிரை எடுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.